வைரஸ் ஏத்த முதல் மூண்டு கேள்வி

ஓம் நானா, வைரஸ்தான். நீங்கள் சரியாத்தான் கேட்டீங்கள். காய்ச்சல், தடிமன் கொண்டு வாற அதே சாதி. அதைத்தான் டொக்டர்மார் மூளைக்கட்டிக்குள்ள ஏத்துகினம். இல்லை, விசர்க்கதை இல்லை. நானே பேராதனைப் பக்கம் மிளகாய்க் கண்டில வாற வைரஸோடதான் ஆறு வருசமா வேலை செய்யிறன். இலை சுருண்டு போகுமெல்லோ, அது. அதால எனக்கு அந்தப் பேரைக் கேட்டுப் பயமில்லை.

இஞ்ச வாங்கில இருங்கோ. உங்கட நம்பர் வர இன்னும் நேரமிருக்கு. ஒரு டொக்டர்தான் இண்டைக்கு.

வைரஸிண்ட நோய் தாற துண்டை வெட்டி எடுத்துப்போடுவினம். பிறகு நல்ல மூளைக்குள்ள போனாலும் அது பெருக ஏலாது, சும்மா செத்துப்போகும். கட்டி அப்பிடியில்லையே, அது ஓயாமப் பெருகிக்கொண்டே இருக்கும். அந்த அவசரத்தைப் பிடிச்சுக்கொண்டு வைரஸும் உள்ள பெருகி, கட்டியை வெடிக்கப்பண்ணும். வடிவான யோசினை என்ன? முதல்முதல் வாசிச்ச அண்டைக்கு நான் ஆய்வுகூடத்தில துள்ளினன். இப்ப வாய்ப்பாடு மாதிரி வருது. எத்தினை பேருக்குச் சொல்லிட்டன்.

இஞ்ச இல்லை. வெளிநாட்டில ஒரு ஆஸ்பத்திரி. சோதினைதான் செய்யினம். சுகம் வருமெண்டு அவையே சொல்லேல்லை. ஆபத்தில்லாம ஏத்தலாமோ எண்டுதான் முதல்ல பாக்கினம்.

என்ர அண்ணாவுக்குத்தான் அங்க இடம் கேட்டனான். வரதராசா எண்டு பேர், தபால் கந்தோரில வேலை. ஒருநாள் புசல்லாவைக்குப் போற கடிதமெல்லாத்தையும் மடுல்கெல்லைப் பைக்குள்ள போட்டுட்டார். அண்ணா அப்பிடிப் பிழை விடுற ஆளில்லை. தலையைப் படம் எடுத்தா, கட்டி. அம்மா யாழ்ப்பாணத்தில, சண்டையில பாதை பூட்டினபடியா வர ஏலாது. போனில ஒரு சொல்லுத்தான் சொன்னா, அவனுக்குச் சொல்லிப்போடாதை. நானும் கழுத்தெலும்பு தேஞ்சுபோச்செண்டு சொன்னன். எல்லா வீட்டிலயும் செய்யிறதுதானே. நீங்களும் உங்கட மனிசிக்கு ஒத்தைத் தலையிடி எண்டுதானே சொல்லி வைச்சிருக்கிறீங்கள்? நான் குறை சொல்லேல்லை நானா.

என்ன பாடுபட்டனான் தெரியுமோ. குண்டு வெடிச்ச கிழமை பாத்து அந்த ஆஸ்பத்திரி அனுப்பின ஃபக்ஸ் கடிதம் போன் கடைக்கு வந்துது. வைரஸ், ஊசி எண்டெல்லாம் கிடக்கு, அனுப்பினது வெளிநாடு, எடுக்க வந்தது யாழ்ப்பாணத்துப் பெட்டை. கடைக்காரன் பொலிசுக்குக் குடுத்திட்டான். மூண்டு மணித்தியாலம் எனக்குத் தெரிஞ்ச சிங்களத்தில விளங்கப்படுத்தினன். கடைசியா அந்தப் பொலிஸ் பெரியவர் கேக்கிறார், இது கொம்பியூட்டருக்கு வாறதோ எண்டு. ஓம் எண்டன். விட்டிட்டார்.

பிறகு பாஸ்போட், பொலிஸ் ரிப்போட், எல்லாம் சரி. நோயாளி ஒப்பம் வைக்கிற இடம் ஒண்டு இருந்துது. எனக்கு என்ன நோய் வருத்தமெண்டு தெரியும், விளங்கித்தான் சம்மதிக்கிறன் எண்டு. அண்ணாட கையெழுத்து எனக்குச் சின்னனிலயே பழக்கம், பள்ளிக்கூட ரிப்போட் கார்டில அவருக்குப் பதிலா வைக்கிறனான். வைச்சன்.

ஆஸ்பத்திரியால போன் எடுத்தவை. அதுவும் எங்களுக்காகத் தமிழ் தெரிஞ்ச ஒராளைப் பிடிச்சு. நோயாளியோட தனியக் கதைக்கோணுமாம். வைரஸ் ஏத்த முதல் மூண்டே மூண்டு கேள்வி. உங்களுக்கு என்ன வருத்தம், நாங்கள் என்ன செய்யப்போறம், அதால என்ன நடக்கலாம்.

அண்ணா நல்ல மரியாதையாச் சொன்னார், கழுத்தெலும்பு தேஞ்சிருக்கு, தங்கச்சி எல்லாம் பாத்துக்கொள்ளுவா எண்டு.

அண்டைக்கே பேரை வெட்டிட்டினம். கோவிச்சு என்ன செய்யிறது? தன்ர நோய் தெரியாத மனிசனுக்கு வைரஸ் ஏத்தமாட்டம் எண்டுட்டினம். அவையில பிழை இல்லை. அப்பிடி இருக்கிறபடியாத்தானே நம்பிப் போகலாம்.

போனை வைச்சிட்டு அண்ணா என்னைப் பாத்தார். மூண்டாம் நாள் சொன்னார், நீ முதலே சொல்லியிருந்தா நான் பதிலைப் பாடமாக்கியிருப்பன் பிள்ளை. அவ்வளவுதான். அவர் சோதினைக்குப் பயந்த ஆளே இல்லை நானா.

திருப்பி விண்ணப்பிச்சன். அதுக்கிடையில கட்டி வளந்திட்டுது. இப்ப மேல்மாடி வார்ட்டில படுத்திருக்கிறார். என்னைத் தாதி எண்டு நினைச்சு மிஸ் எண்டு கூப்பிடுறார்.

விலாசம் தாறன். ஏன் தராம? இன்னும் ஆக்கள் எடுக்கினம், போன கிழமையும் எழுதிக் கேட்டனான். ஆனா அக்காவோடதான் கதைப்பினம். உங்களோட இல்லை. தாங்கமாட்டாவோ? தெரிஞ்சா அண்டைக்கே உயிர் போயிடுமோ? ம். அம்மாவும் அப்பிடித்தான் சொன்னவ.

நானா, ஒண்டு சொல்லுறன், கோவியாதேங்கோ. நீங்கள் கீழ நம்பர் துண்டு எடுக்கப் போன நேரம் கைரியா அக்கா என்னோட கதைச்சவ. நான் தொடங்கேல்லை. அவதான் கேட்டவ, தங்கச்சி, நீங்கள் ஆக்களுக்குச் சொல்லுற அந்த வைரஸ் என்ட தலைக்குள்ள இருக்கிற மாதிரிக் கட்டிக்குச் சரிவருமோ எண்டு. நீங்கள் ரிப்போட்டை அலுமாரிக்கு மேல வைச்ச அண்டைக்கே கதிரை போட்டு ஏறி வாசிச்சிட்டாவாம். மூண்டு மாசமாத் தெரியும். நான் எல்லாம் சொன்னன், சாகலாம் எண்டதையும். மூண்டு கேள்வியையும் கேட்டு, துண்டில எழுதி எடுத்து வைச்சிருக்கிறா.

உங்களுக்கு மட்டும் சொல்லவேண்டாமாம். நீங்கள் தாங்கமாட்டீங்களாம்.