யார் கத்துறாங்கன்னு பாப்போம்

பொறுப்பாளர்: ...அதைத் தொடாதீங்க தம்பி. அது என்னன்னு எனக்கே தெரியாது.

வந்தவர்: இந்த சர்வர் ரூமையே கட்டி மேய்க்கிறீங்க, உங்களுக்கே தெரியாதா அக்கா?

பொறுப்பாளர்: மத்த எல்லாத்துலயும் பேர் ஒட்டி வச்சிருக்கேன். சம்பளம், சரக்கு, மெயில்... மூலையில இருக்குற இந்தக் கறுப்பு டப்பாவுலதான் ஒண்ணுமே இல்ல.

வந்தவர்: பச்சை லைட் மினுக்குதே. ஏதோ வேலை பாக்குது.

பொறுப்பாளர்: லைட் எரிஞ்சா வேலை நடக்குதுன்னு அர்த்தமா? எங்க மேனேஜர் ரூம்லயும்தான் எரியுது.

வந்தவர்: மெதுவா... போன் பேசத்தான் வெளியில போயிருக்காரு. இப்ப வந்துடுவாரு.

பொறுப்பாளர்: வரட்டும்.

வந்தவர்: நாளைக்கு லாரி வருதுக்கா. இங்க இருக்குற எல்லாத்தையும் எங்க இடத்துல கொண்டுபோய் வச்சு, இனிமே நாங்கதான் பாத்துக்கணும். என்னன்னே தெரியாததை எப்படி ஏத்துறது?

பொறுப்பாளர்: இனிமே நீங்கதான்... ம். இப்படி ஒண்ணு ஆப்பிட்டா உங்க கம்பெனியில என்ன செய்வீங்க?

வந்தவர்: ஒரு வழக்கம் இருக்கு. வயரைப் பிடுங்கிட்டுப் பேசாம உக்காந்துடுவோம். யார் போன் பண்ணிக் கத்துறாங்களோ, மெஷின் அவங்களோடது.

பொறுப்பாளர்: யாரும் கத்தலைன்னா?

வந்தவர்: பழைய இரும்புக் கடைதான்.

பொறுப்பாளர்: மனுஷங்களுக்கும் அதே கணக்குதானா?

வந்தவர்: ...எதுக்குக்கா அப்படிக் கேக்குறீங்க?

பொறுப்பாளர்: சும்மா கேட்டேன். பிடுங்குங்க, பாப்போம்.

வந்தவர்: அப்புறம் என்னைக் கோத்து விட்டுடக் கூடாது.

பொறுப்பாளர்: நான்தானே சொல்றேன்.

வந்தவர்: இதோ... லைட் அணைஞ்சிருச்சு.

பொறுப்பாளர்: அந்த முக்காலியை இழுத்துப் போட்டுக்குங்க. போன் இங்கதான் இருக்கு. வந்தா எடுப்போம்.

வந்தவர்: குளிர் எலும்புக்குள்ள போகுது. நீங்க ஏன் ஸ்வெட்டரோட திரியிறீங்கன்னு இப்பத்தான் புரியுது.

பொறுப்பாளர்: மண்டையைப் பொளக்குற வெயில்ல இதை மாட்டிக்கிட்டு பஸ் ஏறினா ஒரு மாதிரியா பாக்குறாங்க. என் மக ஸ்கூல்ல, எங்கம்மா ஃப்ரிட்ஜுக்குள்ள வேலை பாக்குறாங்கன்னு சொல்லி வச்சிருக்கா.

வந்தவர்: சம்பளப் பிரிவு கத்தலை... சரக்குப் பிரிவும் கத்தலை...

பொறுப்பாளர்: கத்தும்போது கத்தட்டும். லாரியில என்னென்ன ஏறுது தம்பி?

வந்தவர்: எல்லாமேதான். மெஷின், வயர், பேட்டரி...

பொறுப்பாளர்: ஏ.சி?

வந்தவர்: அது வேண்டாம். அங்க எங்களோடது இருக்கு.

பொறுப்பாளர்: ஏ.சிக்குள்ள உக்காந்திருந்தவ?

வந்தவர்: ...ஒரு டீ குடிச்சிட்டு வந்துடட்டுமாக்கா?

பொறுப்பாளர்: போங்களேன்.

வந்தவர்: கதவு... திறக்க மாட்டேங்குது. கார்டை வச்சா சத்தமே இல்ல.

பொறுப்பாளர்: உங்க கார்டு புதுசு. என்னோடதை வச்சுப் பாருங்க.

வந்தவர்: ம்ஹூம். அக்கா... அந்த டப்பா இந்தக் கதவோடதா இருக்குமோ?

பொறுப்பாளர்: அட, ஆமால்ல. அப்போ கத்த வேண்டியது நாமதான்.

வந்தவர்: சிரிக்கிறீங்களா? இருங்க, வயரைத் திரும்ப மாட்டுறேன்.

பொறுப்பாளர்: மாட்டுங்க. பழைய டப்பா. எழுந்து சோம்பல் முறிச்சு வர்றதுக்குள்ள ஒண்ணு கேட்டுடுறேன். எப்பக் கேட்டாலும் டீ குடிக்க ஓடிடுறீங்க. அங்க எனக்கு வேலை இருக்கா, இல்லையா?

வந்தவர்: உங்க மேனேஜர் ஒண்ணும் சொல்லலையா?

பொறுப்பாளர்: பாக்கலாம், பாக்கலாம்னாரு. ஒரு ஸ்கூல் ஆபீஸ்ல கூப்பிடுறாங்க. பாதிச் சம்பளம்தான். இன்னைக்குச் சாயங்காலத்துக்குள்ள பதில் சொல்லலைன்னா அதுவும் போயிடும். மழுப்பாதீங்க தம்பி, பயமா இருக்கு.

வந்தவர்: ...இங்க இல்லக்கா. லாரி கிளம்பினதும் உங்க கம்பெனியில உங்களை நிறுத்திடுவாங்க. முன்னாடியே தெரிஞ்சா வேலையைப் பாதியில போட்டுட்டுப் போயிடுவீங்களாம். அதனால வாயைத் திறக்கக் கூடாதுன்னு எங்ககிட்ட சொல்லிட்டாங்க.

பொறுப்பாளர்: பாதியில போட்டுட்டா... நானா?

வந்தவர்: அதையேதான் நானும் எங்க முதலாளிகிட்டக் கேட்டேன். இந்த மெஷினுங்களோட குணம் தெரிஞ்ச ஒரே ஆள் அவங்க, அவங்க கூட வரலைன்னா நான் பொறுப்பெடுக்க மாட்டேன்னுட்டேன். காலையிலதான் சரின்னாரு. இதே சம்பளம். தூரம்தான் கொஞ்சம் கூட.

பொறுப்பாளர்: காலையில சொன்னதை இவ்வளவு நேரம் வயித்துக்குள்ளயே வச்சிருந்தீங்களா?

வந்தவர்: உங்க மேனேஜர் நிழல் மாதிரி கூடவே சுத்துறாரு. எங்க வச்சுச் சொல்றது?

பொறுப்பாளர்: ...கொஞ்சம் அந்தப் பக்கம் திரும்புங்க. குளிர்ல எனக்குக் கண்ணுல தண்ணி வரும்.

வந்தவர்: வரட்டும்க்கா. நான் வயரைப் பாத்துக்கிட்டு இருக்கேன்.

பொறுப்பாளர்: நானும் ஒண்ணு சொல்லணும். கோவிச்சுக்காதீங்க. அந்த டப்பாவை அங்க வச்சதே நான்தான். பேரும் ஒட்டியிருந்தேன், நேத்துதான் கிழிச்சேன். கதவு சாத்திக்கிட்டா நீங்க டீ குடிக்க ஓட முடியாதுல்ல... சாவி என் ஸ்வெட்டர் பாக்கெட்லதான் இருக்கு.

வந்தவர்: கிழிச்சதை முழுசா கிழிச்சிருக்கலாம்க்கா, "கதவு"ல "கத" இன்னும் ஒட்டிக்கிட்டுதான் இருக்கு. மேனேஜர் உள்ள வர முடியாத ஒரு இடம் எனக்கும் வேண்டியிருந்துச்சு, அதான் நீங்க சொன்னதும் பிடுங்கிட்டேன்.