கொடி இறங்கும்வரை

ரெமி: ...இன்னிக்குமா?

வெர்னா: இன்னிக்கும்தான். துறைமுகத்துக்காரங்க சிவப்புக் கொடி ஏத்திட்டாங்க. ஒரு படகும் போகாது. போ, போய் வலை ஊஞ்சல்ல கிட.

ரெமி: கடல் தட்டு மாதிரி இருக்கே, மிஸ் வெர்னா?

வெர்னா: உனக்குத் தெரியறது பவளப்பாறைக்கு இந்தப் பக்கம். அந்தப் பக்கம் போய்ப் பாரு... தலைகீழாப் புரட்டிடும். கனடாவுல பனிக்குள்ள வளர்ந்த பையன், எனக்குக் கடலைப் பத்திச் சொல்ல வந்துட்டான்!

ரெமி: நான் ஒண்ணும் சொல்லலையே.

வெர்னா: நினைச்சே. முகத்துல தெரியுது. இந்தா, பொரிச்ச ரொட்டி, ஃப்ரை ஜாக், ஆறிப்போகுது. பீன்ஸ் ஊத்திக்க.

ரெமி: மேஜை மொட்டையா இருக்கே... விரிப்பு எங்கே?

வெர்னா: துவைக்கப் போட்டிருக்கேன். வந்த அன்னிக்கு நீ கொட்டின கோழிக்குழம்பு போகவே மாட்டேங்குது.

ரெமி: ஓ... சரி, இந்தச் சாப்பாட்டுக்காவது காசு வாங்கிக்குங்க.

வெர்னா: கொடி தொங்குற வரைக்கும் என் வீட்டுல வாடகை கிடையாது. சோத்துக்கும் சேர்த்துத்தான்.

ரெமி: இந்தத் தீவு வழக்கமா?

வெர்னா: என் வழக்கம். இப்பத்தான் ஆரம்பிச்சேன்.

ரெமி: உங்க போனைக் குடுங்களேன். என்னுது உப்புத் தண்ணில விழுந்து செத்துப்போச்சு. அம்மாவுக்கு ஒரு வார்த்தை...

வெர்னா: அதைத் தொடாதே! ...இல்ல, யாராவது கூப்பிடுவாங்க.

ரெமி: நேத்தும் இதையேதான் சொன்னீங்க. குளிக்கப் போறப்பகூட பையில போட்டு எடுத்துட்டுப் போறீங்க.

வெர்னா: சும்மா படுத்துக் கிடக்கத்தானே இந்தக் கடற்கரைக்கு வந்தே? உன் கண்ணு ஏன் வீட்டைச் சுத்தி மேயுது?

எல்ஸ்டன்: வெர்னா! ஏய் வெர்னா!

வெர்னா: வந்துட்டான் பக்கத்து வீட்டுப் படகுக்காரன். வாசல்ல நின்னு கத்தாதே எல்ஸ்டன். முதல்ல குட் மார்னிங் சொல்லு.

எல்ஸ்டன்: குட் மார்னிங். என் படகுத்துறைக் கம்பத்துல ரெண்டு நாளா சிவப்பாத் தொங்குதே, அதை எவன்...

வெர்னா: துறைமுகத்துக்காரங்க!

எல்ஸ்டன்: என் கம்பத்துலயா? நான் அவங்களையே கேட்டுட்டேன், அவங்க...

வெர்னா: காப்பி குடிக்கிறியா?

எல்ஸ்டன்: காப்பியாவது! மீன் பிடிக்க வந்தவங்க அதைப் பார்த்துட்டுத் திரும்பி ஓடிட்டாங்க. நான் போய் அவுத்து எறிஞ்சுட்டு...

வெர்னா: அவுத்தே, கையை உடைப்பேன். எல்ஸ்டன்... இன்னும் கூப்பிடலை.

எல்ஸ்டன்: ...ஓ. பெலிஸ் சிட்டியிலேர்ந்தா? இன்னுமா?

வெர்னா: ம்.

எல்ஸ்டன்: சரி... சரி. கொடி பாட்டுக்கு இருக்கட்டும். காத்து தம்பி. பேய்க்காத்து.

ரெமி: உங்க தலையில இருக்கிற ஓலைத்தொப்பிகூட அசையலையே?

எல்ஸ்டன்: அது... கனமான ஓலை. வர்றேன் வெர்னா.

ரெமி: யார் கூப்பிடணும்?

வெர்னா: சாப்பிடு.

ரெமி: மிஸ் வெர்னா...

வெர்னா: ...மார்ல ஒரு கட்டி. பெலிஸ் சிட்டி ஆஸ்பத்திரியில ஊசி குத்தி எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பியிருக்காங்க. நல்லதா கெட்டதான்னு போன்ல சொல்றேன்னாங்க. அப்படிப் பார்க்காதே! எங்கம்மாவுக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சுது. அடுத்த மழைக்கு அவ இல்லை.

ரெமி: சிகாகோவுல இருக்கிற உங்க மகளுக்குத் தெரியுமா?

வெர்னா: சொன்னா அடுத்த விமானம் பிடிச்சு வந்து அழுவா. அவ கண்ணையும் நான்தான் துடைக்கணும். நீ பாட்டுக்கு ஊஞ்சல்ல குறட்டை விட்டுட்டுக் கிட. வீட்டுல அந்தச் சத்தம் இருந்தாப் போதும் எனக்கு.

ரெமி: நான் குறட்டை விடமாட்டேனே... மிஸ் வெர்னா! போன்!

வெர்னா: கேக்குது. கை... கையெல்லாம் எண்ணெய்.

ரெமி: நான் காதுல வைக்கிறேன்.

வெர்னா: வேண்டாம்... வை. ...ஹலோ. குட் மார்னிங் டாக்டர். ஆமா, வெர்னாதான்... உட்கார்ந்துதான் இருக்கேன், சொல்லுங்க... ம்... ம்... டாக்டர், அதை இன்னொரு தடவை சொல்லுங்க... மெதுவா...

ரெமி: என்ன? என்ன சொல்றாங்க?

வெர்னா: கொழுப்புக் கட்டியாம்டா! வெறும் கொழுப்பு! ஒண்ணும் செய்ய வேண்டாமாம்!

ரெமி: அப்புறம் ஏன் அழறீங்க?

வெர்னா: நீ ஏன் அழறே? ...எல்ஸ்டன்! ஏய் எல்ஸ்டன்! ஒண்ணுமில்லையாம்!

எல்ஸ்டன்: கேட்டுச்சு, கேட்டுச்சு! நான் வேலியோரமாத்தான் நிக்கிறேன். தம்பி, காத்து அடங்கிடுச்சு!

வெர்னா: இவன் ஒருத்தன்... ரெமி, மூட்டையைக் கட்டு. மத்தியானப் படகு போகும். அப்புறம்... ஒண்ணு சொல்லணும். கோவிச்சுக்கக் கூடாது. அந்தக் கொடி...

ரெமி: துறைமுகத்துது இல்லை.

வெர்னா: ...இந்த எல்ஸ்டன் உளறினதுல கண்டுபிடிச்சியா?

ரெமி: நீங்க ஏத்தின அன்னிக்கே தெரியும். எந்தத் துறைமுகத்துக் கொடியில கோழிக்குழம்புக் கறை இருக்கும்? உங்க சிவப்பு மேஜை விரிப்புல நான் கொட்டின கறை எனக்குத் தெரியாதா?

வெர்னா: அடப்பாவி! தெரிஞ்சும் ஏண்டா கிளம்பாமக் கிடந்தே?

ரெமி: எப்படிக் கிளம்புறது மிஸ் வெர்னா? சிவப்புக் கொடி ஏத்தியிருந்தீங்களே.