இடது காதுப் பக்கம்

— ஆயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றெட்டு, ஜூன் ஒன்பது. அன்று என் மகள் ரோஹிணியின் இடது காதைத் திறந்தீர்கள், டாக்டர் சுந்தரராமன். கட்டியில் ஒரு துண்டைக் கிள்ளிக்கொண்டு மிச்சத்தை உள்ளேயே வைத்துத் தைத்துவிட்டீர்கள். இதுதான் என் குறை.

— உட்காருங்க ராமநாதன் சார். நிக்டிலேர்ந்து பஸ்ல நின்னுக்கிட்டே வந்திருப்பீங்க. நீயும் உட்காரும்மா ரோஹிணி.

— நான் ஓய்வுபெற்ற ஆசிரியன். பாதி திருத்திய விடைத்தாளை எவனிடமும் கொடுத்ததில்லை.

— கிள்ளின துண்டைச் சோதிச்சாச்சு சார். புற்று இல்லை. எச்சில் சுரக்கிற சதை. வாய்ப்பக்கம் இருக்க வேண்டியது, கருவிலேயே வழிதவறி நடுக்காதுல குடியேறிடுச்சு. சாதுவான சதை. அது பாட்டுக்கு இருக்கும்.

— பிறந்ததிலிருந்து அந்தக் காது கேளாததற்கு அதுதானே காரணம்?

— அதுவும், பக்கத்துல சரியா உருவாகாத எலும்பும். மெஷின் வெச்சா கேக்கும்.

— காதில் மெஷினோடு போய் நின்றால் சாங்வியில் பார்த்திருக்கும் மாப்பிள்ளை வீட்டார் ஏற்பார்களா? ஆவணியில் நிச்சயதார்த்தம். இடம் தவறி இருப்பதை அகற்ற வேண்டியதுதானே முறை?

— முக நரம்பு மேலயே ஒட்டியிருக்கு சார். உரிச்சா நரம்பும் சேர்ந்து வரலாம். வாய் ஒரு பக்கம் கோணிடும். கண்ணு மூடாது.

— வரலாம் என்கிறீர்கள். அப்படியானால் வராமலும் இருக்கலாம். எடுத்துவிடுங்கள். கையெழுத்து நான் போடுகிறேன்.

— முகம் அவளோடது சார். கையெழுத்தும் அவதான் போடணும். நீ என்னம்மா சொல்றே?

— அப்பா, அவங்க பொண்ணு பாக்க வந்தன்னிக்கு என் இடது பக்கம் சுவர் வர்ற மாதிரி சேர் போட்டீங்கல்ல?

— நல்ல காது அவர்கள் பக்கம் இருக்கட்டும் என்றுதான்.

— நேத்து நீங்க சப்ஜி மார்க்கெட்டுக்குக் காய் வாங்கப் போனப்ப பையனோட அம்மா ஃபோன் பண்ணாங்க. அன்னிக்குக் கிளம்பறப்ப, வாசல்ல என் இடது பக்கம் நின்னு, என்னைப் பிடிச்சிருக்கு, எங்க வீட்டுக்கு வர்றியான்னு கேட்டாங்களாம். நான் திரும்பியே பாக்கலையாம். இவ்ளோ திமிர் புடிச்ச பொண்ணு வேண்டாம்னு முடிவு பண்ணிட்டாங்களாம்.

— உண்மையைச் சொல்லியிருக்கலாமே நீ?

— சொன்னேன். எனக்கு அந்தக் காது கேக்காது ஆன்ட்டின்னேன். அதுக்கு அவங்க, "காது ஒரு குறையே இல்லைம்மா, ஆனா மறைக்கிற வீட்டுல எப்படிச் சம்பந்தம் பண்றது"ன்னு ஃபோனை வெச்சுட்டாங்க.

— சார்... ராமநாதன் சார், இந்தாங்க, தண்ணி குடிங்க.

— அவர் அப்பறம் குடிப்பார் டாக்டர். இப்ப சொல்லுங்கப்பா, யார் பாக்கறதுக்காக என் முகத்துல கத்தி வைக்கச் சொல்றீங்க?