ஆள் மாறாத காவல்

மாலை எட்டு மணி. ஏப்ரல் மாதம். தெற்கு லண்டன் மிச்சம் பகுதியில் ட்ராம் தண்டவாளத்துக்குப் பின்னால் ஓடுகிற ஒழுங்கை... ஒரு பக்கம் கம்பி வேலி, மறுபக்கம் முட்பற்றை. விளக்குக் கம்பம் மூன்று. எரிவது ஒன்று. மற்ற இரண்டைப் பற்றிக் கவுன்சிலுக்கு எழுதினால் அடுத்த தேர்தலுக்கு முதல் பதில் வரும்.

அந்த ஒழுங்கையால் வாமதேவன் தனியாகப் போய்க்கொண்டிருந்தார். கையில் மரக்கறித் தோல் நிரம்பிய ஒரு பை.

நமக்கு இந்தக் கதையைச் சொன்ன அஜந்தாவின் அத்தான்தான். அக்கா நாகேஸ்வரியின் புருஷன். சுவிஸில் எட்டு வருஷம் கோப்பை கழுவிவிட்டு இங்கே வந்து குளியலறை பொருத்துகிற தொழில் செய்கிறவர். ஊரார் வீட்டுக் குளியலறையை மூன்று நாளில் முடிப்பார். சொந்த வீட்டுக் குளியலறைக்கு நாலு வருஷமாகக் கதவில்லை, சீலைதான் தொங்குகிறது. சரி, அது வேறு கதை.

கவுன்சில் வாடகைக்குக் கொடுக்கிற தோட்டத் துண்டுக்கு ஏழு வருஷம் வரிசையில் இருந்து, இந்தத் தையில்தான் அவருக்கு ஒன்று கிடைத்திருந்தது. பக்கத்துத் துண்டுக்காரர் டெரிக் என்ற வெள்ளைக்காரக் கிழவர். அவரைக்கொடி போடுவதென்றால் முதலில் முழங்கால் ஆழத்துக்குக் கிடங்கு வெட்டு, குப்பையும் பேப்பரும் போட்டு மூடு, பிறகு விதை போடு என்று அவர்தான் சொல்லிக்கொடுத்தார். வாமதேவன் சனிக்கிழமை வெட்டினார். நேராக, ஒன்பது அடி நீளம், முழங்கால் ஆழம்.

அன்று திங்கட்கிழமை. குப்பையைப் போட வந்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

கிடங்கு நெஞ்சளவு ஆழமாக இருந்தது. நடுவில் முழங்கை மாதிரி ஒரு வளைவு. வளைவுக்கு அப்பால் ஒருவர் ஏறி நிற்க மண்ணில் ஒரு படி. படிக்கு நேரே, இரண்டு கையையும் ஊன்றுவதற்கு விளிம்பைத் தட்டையாகச் செதுக்கியிருந்தது...

நரி வேலை என்று நினைத்தார். லண்டனில் எந்தப் பழியையும் நரியின் தலையில் போடலாம். ஆனால் படி வெட்டிய நரியைப் பற்றி ஒருவரும் கேள்விப்பட்டதில்லை.

அடுத்த நாள் டெரிக் எட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "இது அவரைக்கு வெட்டினது இல்லையே! முதலாம் உலக யுத்தத்தில் என் தாத்தா பிரான்ஸில் நின்ற கிடங்கின் படம் வீட்டில் இருக்கிறது. அச்சொட்டாக இதேதான். யாரைச் சுடப் போகிறாய்?"

வாமதேவன் சிரிக்கவில்லை. மண்வெட்டியை எடுத்து, இருட்டும் வரைக்கும் கிடங்கை மூடினார்.

அந்தப் படியை அவருக்குத் தெரியும். வன்னியில், கடைசி யுத்தத்துக்கு முந்திய மாரியில், இயக்கத்தின் ஒரு காவலரண் வரிசைக்கு அவர் பொறுப்பாக இருந்தவர். அங்கே ஒரு கட்டளை உண்டு. காவலுக்கு நிற்கிறவன் ஆள் மாறாமல் இடத்தை விடக்கூடாது. செத்தாலும்தான். ஓர் இரவு, கடைசி வளைவில் பிரியந்தன் என்பவனை நிறுத்தி, "ரண்டு மணித்தியாலத்தில ஆள் அனுப்புறன், நில்லு" என்றார். ஒரு மணித்தியாலத்தில் பின்வாங்கச் சொல்லி அறிவித்தல் வந்தது. செல்குண்டு விழுந்துகொண்டிருந்தது. வளைவு நூற்றைம்பது மீற்றர் தூரம். வாமதேவன் மற்றவர்களைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். பிரியந்தனுக்கு ஒருவரும் சொல்லவில்லை.

இதை அவர் சொன்னது வாழ்க்கையில் ஒருதரம், நாகேஸ்வரிக்கு, குடிவெறியில். அவள் அஜந்தாவுக்குச் சொன்னாள். அஜந்தாவுக்குச் சொன்னால் பிறகென்ன, லண்டனின் மறுகோடி குட்மேய்ஸ் வரைக்கும் போகும்.

புதன்கிழமை. அதே எட்டு மணி. பார்க்காமல் இருக்க ஏலவில்லை, போனார்.

மூடிய கிடங்கு திறந்து கிடந்தது.

இந்த முறை ஒரு மணம்... ஊறிப்போன சாக்கு, துவக்குக் குழாய்க்குப் பூசுகிற எண்ணெய், அதற்கும் அடியில் ஏதோ அழுகின மாதிரி. மூன்று கிழமையாக லண்டனில் ஒரு துளி மழையில்லை. ஆனால் வளைவுக்கு அப்பால் தண்ணீருக்குள் கால் மாற்றி நிற்கிற சத்தம். சளக்... கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை... சளக்.

பிறகு மெல்லிய குரல்.

"வாமண்ணை... நேரம் என்ன?"

ஓடியிருக்கலாம். கடவுளைக் கூப்பிட்டிருக்கலாம். மனுஷனின் வாய் பழக்கதோஷத்தில் என்ன சொன்னது தெரியுமா?

"ஆள் அனுப்புறன், நில்லு."

சொல்லிவிட்டுத்தான் ஓடினார்.

வியாழக்கிழமை அவர் வெளியே போகவேயில்லை. நாகேஸ்வரிக்கு அதுவே சந்தேகம். பக்கத்து வீட்டுக் கல்யாணி ஏற்கனவே ஊதிவிட்டிருந்தாள். "அவரைக்கொடி பாக்கப் போறவர் ஏனடி சென்ற் அடிச்சுக்கொண்டு போறார்?"

"இண்டைக்குத் தோட்டத்துக்குப் போகேல்லையோ?" என்று நாகேஸ்வரி கேட்டாள்.

"இல்லை."

"ஏன், அவ வரமாட்டாவாமோ?"

"விசர்க்கதை கதையாதை."

அவள் குசினிக்குள் போய் வெங்காயம் வெட்டத் தொடங்கினாள். எட்டுக்கு ஐந்து நிமிடம் இருக்கும். கத்தியை வைக்கிற சத்தம். வந்து கோட்டைப் போட்டாள். சப்பாத்தைப் போட்டாள்.

"எங்கை?" என்றார் வாமதேவன், டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"தெரியேல்லை... ஆரோ வரச் சொன்ன மாதிரிக் கிடக்கு."

கல்யாணி வீட்டுக்காக்கும் என்று இருந்துவிட்டார். கால் மணித்தியாலம் கழித்துக் குசினிக்குள் போனால்... வெங்காயம் பாதியில் கிடக்கிறது. அடுப்பு எரிகிறது.

அப்போதுதான் உறைத்தது. நேற்று அவர் ஆள் அனுப்புவதாகச் சொல்லியிருந்தார்.

அறுபது வயதுக்குக் கிட்டின மனுஷன், வீட்டுச் செருப்போடு, அந்த ஒழுங்கை முழுக்க ஓடினார்.

நாகேஸ்வரி கிடங்குக்குள் நின்றாள். அந்தப் படியில் ஏறி, தட்டையான விளிம்பில் இரண்டு முழங்கையையும் ஊன்றி, ட்ராம் தண்டவாளப் பக்கம் பார்த்தபடி. கூப்பிட்டதற்குத் திரும்பவில்லை. இமைக்கவுமில்லை. அக்குளுக்குள் கைபோட்டு இழுத்தார். வெங்காய மணத்தோடு அவள் மேலே வந்து புல்லில் விழுந்தாள்.

வாமதேவன் உள்ளே இறங்கினார். இருட்டைப் பார்த்துச் சொன்னார்: "பிரியந்தன், நான் வந்திட்டன். நான் மாத்திறன். அவளை விடு. நீ போ."

ஒரு ட்ராம் வெளிச்சத்தோடு போனது. பிறகு அவருடைய தோளுக்குப் பக்கத்தில் மண் பொலபொலவென்று சரிந்தது, யாரோ தொத்தி ஏறுகிற மாதிரி. ஈரக் காலடி... மெதுவாக... தோட்டத்துக் கேற்றடி வரைக்கும். கேற்றின் கொளுக்கி தானாகக் கழன்றது.

"இஞ்சேருங்கோ, மேல வாங்கோ! வாங்கோ வீட்டை போவம்!" நாகேஸ்வரி குழறினாள்.

"ஏலாது. ஆள் மாறாமல் விடக்கூடாது."

குழறல் கேட்டு டெரிக் வந்தார். அம்புலன்ஸ்காரர் இரண்டு பேர் இறங்கி, விளிம்பைப் பிடித்திருந்த விரல்களை ஒவ்வொன்றாகக் கழற்றித்தான் அவரை எடுக்கவேண்டியிருந்தது. அப்போது பத்தரை மணி தாண்டிவிட்டது. இரண்டு மணித்தியாலம் முடிந்தது, கணக்குச் சரி என்று வாமதேவன் நினைத்துக்கொண்டார். அம்புலன்ஸுக்குள் சிரிக்கவும் செய்தாராம், பாவம்.

ஆஸ்பத்திரியில் அவரைத் தலையிலிருந்து கால் வரைக்கும் பார்த்தார்கள். ஒரு குறையுமில்லை. காலில் காய்ந்த புழுதி மட்டும். காலையில் வீட்டுக்குப் போகலாம் என்றார்கள். வாமதேவனுக்கு அழுகை வந்தது. பதினாறு வருஷம் நெஞ்சில் கிடந்த கல் இறங்கின மாதிரி.

கட்டிலுக்குப் பக்கத்துக் கதிரையில் நாகேஸ்வரி இருந்தாள்.

"சப்பாத்து இறுக்குது" என்றாள்.

குனிந்து இழுத்தாள். வரவில்லை. தாதி வந்து இழுத்தாள். அதற்கும் வரவில்லை. கத்திரிக்கோல் எடுத்து முதலில் தோலை வெட்டி, பிறகு காலுறையை வெட்டினாள்... அறை முழுக்க அந்த மணம். தாதி மூக்கைப் பொத்திக்கொண்டு பின்னால் போனாள்.

வெளிறிப் போய், சோறு மாதிரி ஊதி, விரலுக்கு விரல் பிரிந்து தெரியாத பாதம். அந்த மாரியில், மூன்று கிழமை தண்ணீருக்குள் நின்றவர்களின் பாதங்களை வாமதேவன் பார்த்திருக்கிறார். அப்படிப்பட்ட கால் பிறகு நடந்ததில்லை.

எத்தனை நாள் இவள் தண்ணீருக்குள் நின்றாள் என்று தாதி கேட்டாள்.

காலுறையோடு தோலும் சேர்ந்து கழன்றது. நாகேஸ்வரிக்கு நோகவில்லை. அவள் காலைப் பார்க்கவுமில்லை. இரண்டு முழங்கையையும் கட்டில் விளிம்பில் ஊன்றி, இமைக்காமல், ஆள் மாற யாரோ வரவேண்டிய மாதிரி, கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.