பறக்கத் தெரியாத அக்கா

மேடையில் வீற்றிருக்கும் தயாரிப்பாளர் அவர்களே, நிலைய மேலாளர் அவர்களே, கனத்த மனதோடு திரண்டிருக்கும் தொழில் நண்பர்களே, மூன்றாவது வரிசையில் அமர்ந்திருக்கும் என் அக்கா அவர்களே! உங்கள் அனைவருக்கும் என் வணக்கம்.

நம் தலைமைக் கதையாசிரியர், நாமெல்லாம் ‘சிவப்புப் பேனா’ என்று அழைத்த பெருமகனார் நம்மை விட்டுப் போய்விட்டார். அவரைப் பற்றி நாலு வார்த்தை சொல்லச் சொன்னார்கள். சொல்கிறேன். ஒன்பது ஆண்டுகள் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து அவரைப் பார்த்து வயிறெரிந்தவன் நான். இதோ, இந்தக் கூட்டத்தைப் பார்த்தும் எரிகிறது. இடமில்லாமல் வாசல் வரை நிற்கிறீர்களே, எனக்கென்றால் இத்தனை பேர் வருவீர்களா?

ஏன் எரியாது? நானும் அக்காவும் பிழைப்பு தேடி இந்த நாட்டுக்கு வந்தவர்கள். குடியிருப்பு அனுமதி அலுவலகத்தில் டோக்கனும் கையுமாக நாள் முழுக்கக் காத்துக் கிடந்தவர்கள். அதை உள்ளது உள்ளபடி தொலைக்காட்சித் தொடராக எழுதினேன். பன்னிரண்டே வாரத்தில் நிறுத்திவிட்டார்கள். இவரோ இதே ஊரில் பிறந்தவர். வேற்றுக் கிரகத்திலிருந்து வந்து விழுந்த ஒருவனை எழுதினார். அவன் பறப்பான், ஒற்றைக் கையால் பேருந்தைத் தூக்குவான். அப்பேர்ப்பட்டவனைக் கொண்டுபோய் டோக்கன் கொடுத்து வரிசையில் நிறுத்தினார்! ஊரே அழுதது!

நான் சும்மா விடவில்லை. “ஏங்க, பறக்கத் தெரிஞ்சவன் எதுக்குங்க வரிசையில நிக்கணும்?” என்று கேட்டேன்.

“போறதுன்னா பறந்து போயிடலாம். இருக்கணும்னா நின்னுதானே ஆகணும்?” என்றார்.

வரிசையில் நின்றவன் நான். இந்த வசனம் எனக்கல்லவா தோன்றியிருக்க வேண்டும்?

அதோடு விட்டாரா? மறு ஆண்டே அந்தப் பறப்பவனுக்கு ஓர் அக்காவைக் கொண்டுவந்தார். எந்தச் சக்தியும் இல்லாத அக்கா. சலவை நிலையத்தில் படுக்கை விரிப்பு மடிப்பவள். தம்பியை நாடே கொண்டாடும்; அவள் மட்டும் ஆண்டுக்கு ஒருமுறை அனுமதியைப் புதுப்பிக்க அலைவாள். நண்பர்களே, அது என் அக்கா! தேநீர் குடிக்கும்போது நான் சலித்துக்கொண்டு சொன்ன கதை! எழுதத் தெரிந்தவன் என்பதற்காக எனக்குக் குடியுரிமை கிடைத்தது. விரிப்பு மடிப்பதற்கு யார் கொடுக்கிறார்கள்?

அந்தப் பகுதியைப் பார்த்துவிட்டு, “எவ்வளவு சரியா எழுதியிருக்காரு பாருடா!” என்றாள் அக்கா. ஒரு வாரம் அவளோடு முகம் கொடுத்துப் பேசவில்லை நான்.

அவர் படுக்கையில் விழுந்ததும் தொடரின் கடைசிப் பகுதியை எழுதும் வேலை எனக்கு வந்தது. வராதா என்று காத்திருந்த வாய்ப்பு! அந்த அக்காவுக்கும் சக்தி வந்துவிடுவதாக எழுதினேன். இடிந்து விழும் பாலத்தைத் தாங்குகிறாள். ஊரைக் காப்பாற்றுகிறாள். அதிகாரி ஓடிவந்து நிரந்தர அனுமதியில் முத்திரை குத்துகிறார். மருத்துவமனைக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். படுத்தபடியே சிவப்புப் பேனாவால் முழுவதையும் அடித்துவிட்டு, கீழே ஒரு வரி எழுதினார்: “அப்போ பாலத்தைத் தூக்க முடியாதவங்க எங்கே போவாங்க?”

எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. அவர் மறைந்த மறுநாளே, நான் எழுதிய அதே கதையை, சிவப்புக் கோடு ஒன்றும் இல்லாத புதுப் படியாக எடுத்து மேலாளரிடம் கொடுத்துவிட்டேன். ஆமாம் மேலாளர் அவர்களே, நீங்கள் பாராட்டினீர்களே, அதே படிதான்.

நேற்று அக்காவிடம் கேட்டேன். “தொடர்ல வர்ற அந்த அனுமதி ஆபீஸ் கவுண்டர் கண்ணாடியில இருக்கிற விரிசல், ஆடுற நாற்காலி... இதெல்லாம் நான் அவர்கிட்ட சொன்னதே இல்லையேக்கா. அவருக்கு எப்படித் தெரியும்?”

“என்கூட வந்து உக்காந்தாரேடா, நாலு வருஷமா” என்றாள். “உன்னைத்தான் முதல்ல கூப்பிட்டேன். நீ வேலை இருக்குன்னுட்ட. உன் ஆபீஸ் வாசல்ல என்னைப் பார்த்து, அவர்தான் ‘நான் வரேம்மா’ன்னார். அவர்கிட்டயும், ‘தம்பிகிட்ட சொல்லாதீங்க, சங்கடப்படுவான்’னு சொல்லி வெச்சிருந்தேன்.”

அவரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை! நான் உட்கார வேண்டிய நாற்காலியில் உட்கார்ந்து எழுதியவரைப் பார்த்தா இத்தனை காலம் புழுங்கினேன்? வெட்கமாக இருக்கிறது நண்பர்களே. பொறாமை போனதா என்றால், அதுவும் போகவில்லை!

மேலாளர் அவர்களே, அந்தப் படியைத் திருப்பித் தந்துவிடுங்கள். வேறு எழுதித் தருகிறேன். அந்த அக்கா எதையும் தூக்கமாட்டாள். விரிப்புகளை மடித்து வைத்துவிட்டு அனுமதி அலுவலகத்தில் வந்து உட்காருவாள். அவள் டோக்கன் எண்ணை அழைப்பார்கள். இங்கேயே இருப்பாள். இது உறுதி! ‘சிவப்புப் பேனா எழுதியது போலவே இருக்கிறது’ என்பீர்கள். சொல்லுங்கள். எனக்கு எரியும்; எரியட்டும்!

இன்னும் ஓர் உறுதி. அக்கா, வர்ற செவ்வாய்க்கிழமை உனக்கு டோக்கன் இருக்குல்ல? நான் வரேன். அவர் நாலு வருஷம் வந்தார். உனக்கு நிரந்தர அனுமதி கிடைக்க எத்தனை வருஷம் ஆனாலும் சரி, அத்தனை வருஷமும் நான் வருவேன். இதுலயாவது அவரை ஜெயிக்காம விடமாட்டேன்.