வில்லில் பூட்டிய கண்

தே ஓ கோசோங் என்று கட்டன் தேநீர் கேட்டால் நிஜமாகவே சர்க்கரை போடாமல் தரும் கடை ஜொகூரில் குறைவு, இன்ஸ்பெக்டர். உங்கள் கேண்டீனில் கேட்டபடியே தந்தார்கள். சர்க்கரை நோய்க்காரனுக்கு அது பெரிய மரியாதை. நிதானமாகவே சொல்கிறேன்.

என் பெயர் அமலதாஸ். பாசிர் கூடாங் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறேன். சிகாமட் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்தில் காட்டுப்பன்றிகள் கன்றுகளைத் தோண்டித் தின்கின்றன என்று எங்கள் குழுவுக்கு வில்வேட்டை அனுமதி கிடைத்திருந்தது. குழுத் தலைவர் திமோத்தி, என் மனைவி இன்பராணியின் அண்ணன். போன மாதம் என் அம்பு பட்டு இறந்தவர் அவர்தான். பன்றி என்று நினைத்து எய்துவிட்டேன் என்று அன்று சொல்லியிருந்தேன்.

அந்த அனுமதியில் ஒரு நிபந்தனை உண்டு. பேட்டரி போட்ட எந்தக் குறிபார்க்கும் கருவியையும் வில்லில் பூட்டக் கூடாது. விலங்குக்கும் தப்பிக்க ஒரு வழி வேண்டுமாம். நான் அதை ஒப்புக்கொண்டதே இல்லை. அரைகுறையாகக் குத்திய அம்போடு ஓடி, புதருக்குள் கிடந்து மெல்லச் சாகும் பன்றியை நான் பார்த்திருக்கிறேன். ஒரே அம்பில் முடிப்பதுதான் கருணை. ஆகவே சிங்கப்பூரில் வேலை செய்யும் ஓர் ஆள் மூலம் ஒன்று வாங்கினேன். தீப்பெட்டி அளவுக்கு ஒரு திரை. எட்ட இருப்பதைப் பெரிதாக்கிக் காட்டும், மங்கலிலும் துலக்கமாகக் காட்டும். சட்டப்படி தப்புதான். அதற்கான அபராதத்தைக் கட்டிவிடுகிறேன்.

அன்று சாயங்காலம் திமோத்தி என் வில்லை வாங்கிப் பார்த்தார். கோபப்படுகிற ஆள் இல்லை அவர்.

“இத கழட்டிடுங்க மாப்ள. மாட்டினா எல்லாரோட பெர்மிட்டும் போயிடும் லா.”

“கழட்டினா எனக்கு ஒண்ணும் தெரியாது மச்சான்” என்றேன். வாய் தவறி வந்துவிட்டது.

அவர் வில்லை என்னிடம் திருப்பித் தந்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்: “அப்ப கிரேன் எப்படி ஓட்டுறீங்க?”

பழக்கத்தில் ஓட்டுகிறேன் என்று சொன்னேன். உண்மையும் அதுதான். கொள்கலன் எங்கே இறங்கும் என்று என் கைக்குத் தெரியும்.

“திங்கக்கிழமை நீங்களே கம்பெனில சொல்லிடுங்க. இல்லாட்டி நான் சொல்ல வேண்டி வரும். கீழ ஆளுங்க நிக்கிறாங்க மாப்ள.”

தங்கச்சியையும் பிள்ளைகளையும் தான் பார்த்துக்கொள்வதாகவும் சொன்னார். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. அந்த உயரத்தில் உட்கார்ந்துதான் நான் மனுஷனாக இருந்தேன். இனி மச்சான் சோற்றைத் தின்று, வீட்டுக்குள் சுவரைத் தடவிக்கொண்டு நடப்பதா?

தோட்டத்துக்குள் நாங்கள் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. கூப்பிட்ட பெயரை வேறு ஏதாவது கேட்டுக்கொள்ளும் என்று ஒரு பயம். அதற்குப் பதிலாகப் பாராங் கத்தியின் முதுகால் மரத்தில் இரண்டு தட்டு. கேட்டவர் நின்ற இடத்தில் அப்படியே நின்று, திருப்பி இரண்டு தட்ட வேண்டும். பிறகு முதலில் தட்டியவரிடமிருந்து ஒற்றைத் தட்டு வரும் வரை அசையக் கூடாது. இருட்டில் யார் எங்கே நிற்கிறார் என்று அம்பு வைத்திருப்பவனுக்குத் தெரிவதற்காகத் திமோத்தியே கொண்டுவந்த ஏற்பாடு இது. வேட்டைக்கு வந்த எவருக்கும் அதுவரை ஒரு கீறல் விழுந்ததில்லை.

பொழுது சாயும் நேரத்தில் நான் இரண்டு தட்டினேன்.

எதிர் மரவரிசையிலிருந்து இரண்டு தட்டு வந்தது. திரையில் பார்த்தேன். திமோத்தி என் பக்கம் திரும்பி, கத்தியைத் தாழ்த்திப் பிடித்தபடி, அசையாமல் நின்றார். மீசையில் ஒட்டியிருந்த மரத்தூசி கூடத் தெரிந்தது. ஒரே அம்புதான். வலித்திருக்காது.

கருவியைக் கழற்றித் தோட்டத்தின் மூன்றாவது கால்வாய்க் குழாய்க்குள் செருகி வைத்தேன். எடுத்துப் பாருங்கள், படம் பதிந்திருக்கலாம். சட்டவிரோதக் கருவிக்குப் பயந்து ஒளித்தேன் என்று நீங்கள் நினைக்கலாம். என்னால் பார்க்க முடிந்தது என்பதற்கு அது ஒன்றுதான் சாட்சி. அதனால்தான் ஒளித்தேன்.

இப்போது எனக்குத் தூக்கமில்லை. இன்பராணி சமையலறையில் பூண்டைத் தட்டினால் வாயில் வைத்த சோற்றோடு நின்றுவிடுகிறேன். தண்ணீர்க் குழாயில் காற்றடைத்துத் தட்டினாலும் அப்படித்தான். ஒற்றைத் தட்டு வந்தால் நகரலாம். வருவதே இல்லை. அவரும் அங்கே அதற்காகவே நின்றுகொண்டிருக்கிறார் என்று தோன்றுகிறது. பயமாக இருக்கிறது.

ஆனாலும் பயத்தால் உங்களைத் தேடி வரவில்லை. ஆஸ்பத்திரியில் என் கண்ணைச் சோதித்தார்கள். பார்வைக் குறைவால் நேர்ந்த விபத்து என்று வக்கீல் எழுதிவிட்டார். எல்லாரும் நம்பிவிட்டார்கள். அடக்கத்தன்று, சொந்த அண்ணனைப் பறிகொடுத்தவள், என் முழங்கையைப் பிடித்துப் பெட்டியருகே கூட்டிப்போனாள். “பாத்து வாங்க, படி இருக்கு” என்றாள். ஜனங்கள் நாற்காலிகளை ஒதுக்கி வழிவிட்டார்கள். அத்தனை பேர் முகத்திலும் ஒரே பரிதாபம். உயிரோடு என்னைப் புதைத்தது அந்தப் பரிதாபம்தான்.

எனவே இன்ஸ்பெக்டர், கொலை என்றே எழுதிக்கொள்ளுங்கள். தெரிந்தே, முகம் பார்த்தே, நிற்கவைத்தே செய்தேன். கையெழுத்துப் போடுகிறேன், எந்த இடம் என்று மட்டும் விரலை வைத்துக் காட்டுங்கள். கண் சரியில்லை என்ற வரியை அடித்துவிடுங்கள். என்றாவது வெளியே வந்து கிரேனில் மறுபடியும் ஏறும்போது அது ஒரு தடையாக இருக்கக் கூடாது.