இரண்டு செகண்டில் வந்த பன்னிரண்டு பைல்

"ஆடியோ டிஸ்க்ல இருந்த பன்னிரண்டு பைலும் ரெண்டு செகண்ட்ல தம்ப் டிரைவ்ல காப்பி ஆயிடுச்சு டீச்சர். என் லேப்டாப் அவ்வளவு பாஸ்ட்."

மார்சிலிங் நிலையத்தில் ரயில் ஏறிய இருவர் என் எதிரே உட்கார்ந்தார்கள். சொன்னவருக்கு ஐம்பது வயதிருக்கும். கூட இருந்தவர் இளம்பெண். இருவரும் ஒரே டியூஷன் நிலையத்தின் தமிழாசிரியர்கள் என்று பேச்சிலேயே தெரிந்தது. மூத்தவர் லிட்டில் இந்தியா கிளையில் மூன்று மணிக்கு, ஒலிப்பதிவைக் கேட்டு விடையெழுதும் கேட்டல் கருத்தறிதல் தேர்வு வைக்கப் போகிறார்.

அந்தப் பெண் அவருடைய தம்ப் டிரைவை வாங்கித் தன் லேப்டாப்பில் செருகினார்.

"சார், ஒண்ணுமே பாடல. டிஸ்க்ல இருந்து வந்தது பேர் மட்டும்தான். குரல் எல்லாம் டிஸ்க்லயே இருக்கு."

"வீட்ல திறந்தப்ப நல்லா பாடிச்சே!"

"அப்ப டிஸ்க் லேப்டாப் உள்ளேயே இருந்திருக்கும் சார். இப்ப எங்க?"

"வீட்லதான்." குரல் இறங்கியது. "எல்லாக் கிளைக்கும் இதையே அனுப்பிட்டேன் லா."

"யாரும் எதுவும் கேக்கலையா?"

"எல்லாரும் 'நன்றி சார்'னு போட்டாங்க. ஜூரோங் கிளை நேத்தே டெஸ்ட் முடிச்சு மார்க்கும் அனுப்பிட்டாங்க. எல்லாப் பிள்ளைங்களும் பாஸ்."

அந்தப் பெண் சிரிப்பை அடக்கிக்கொண்டு லேப்டாப்பை மூடினார்.

"இப்ப என்ன சார் பண்ணப் போறீங்க?"

அவர் கைப்பேசியை எடுத்து எண்ணைத் தேடினார்.

"ஜூரோங்குக்குப் போன் போட்டு, எப்படி வச்சாங்கன்னு கேட்டுக்கறேன்."